தாதியர் கல்லூரிக்கு ஆய்வுகூடம் எதற்கு?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தியடைந்து, மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதாமற்போன மாணவி ஒருத்தியின் வாப்பா அண்மையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாதாரண தரம் வரை அவளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள் நான்.

"டீச்சர், இவ தாதியர் படிப்புக்குத்தான் போவேன் என்டு நிக்கிறா. நீங்க சொன்னா கேப்பா. இவ்வளவு படிச்ச புள்ள, டொக்டர் சொல்றத செய்யிற வேலைக்குப் போகணுமா?" என்றார்.

"அதுல ஆராய்ச்சியும் இருக்கு வாப்பா" என்றாள் மகள்.

அவர் சிரித்தார். "ஊசி போடுறதுல என்ன மகள் ஆராய்ச்சி?"

நான் அன்று சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இருக்கவில்லை. அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. நம் ஊர்களில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் இதையே கேட்பார்கள். நம் நாட்டின் சுகாதாரத் திட்டங்களை வகுப்பவர்களும் ஏறத்தாழ இப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது என் கணிப்பு. எனவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் என் சொந்த அனுபவம். சில வருடங்களுக்கு முன்னர் என் உம்மா இடுப்பெலும்பு முறிந்து ஓர் அரசாங்க வைத்தியசாலையில் இருந்தார். சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் மூன்றாவது வாரம் முதுகின் கீழ்ப்பகுதியில் படுக்கைப் புண் வந்துவிட்டது. எலும்பு பொருந்திய பின்னரும் அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது. அந்த வாட்டில் இரவு நேரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளருக்கு இரண்டு மிஸ்ஸிமார்தான் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் மருந்துத் தள்ளுவண்டியோடு நடந்துகொண்டே இருந்தார், மற்றவர் எழுதிக்கொண்டே இருந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. நாற்பது பேரையும் புரட்ட முடியாது. யாரை முதலில் புரட்ட வேண்டும்?

இந்தக் கடைசிக் கேள்விதான் தாதியியல் ஆய்வின் கேள்வி. அதற்குப் பதில் கண்டவர்களும் தாதியர்தான். அமெரிக்காவைச் சேர்ந்த பார்பரா பிராடன், நான்சி பேர்க்ஸ்ட்ரோம் என்ற இரு தாதியியல் ஆய்வாளர்கள் 1980களில் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். நோயாளி வலியை உணர்கிறாரா, தோல் ஈரமாக இருக்கிறதா, எழுந்து நடக்கிறாரா, படுக்கையில் தானாக அசைகிறாரா, எவ்வளவு சாப்பிடுகிறார், படுக்கை விரிப்பில் உடம்பு உராய்கிறதா என்று ஆறு விடயங்கள். கூட்டினால் 6 முதல் 23 வரை புள்ளி வரும். புள்ளி குறையக் குறைய புண் வரும் ஆபத்து கூடும். இயந்திரம் வேண்டாம், இரத்தப் பரிசோதனை வேண்டாம். ஒரு தாளும் பேனையும் இருந்தால் நாற்பது பேரில் முதலில் புரட்ட வேண்டிய எட்டுப் பேர் யார் என்று தெரிந்துவிடும். 1987இல் வெளியான அந்த அளவுகோல் இன்று உலகின் பல நாடுகளில் பாவனையில் இருக்கிறது. ஊசி போடுவதில் என்ன ஆராய்ச்சி என்று கேட்ட அந்த வாப்பாவுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

தாதியர் கல்லூரியில் 'ஆய்வுகூடம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. நாம் பெரும்பாலும் ஒன்றை மட்டுமே அறிவோம். அது செய்முறைப் பயிற்சிக்கூடம்: பொம்மை நோயாளி, கட்டில், சேலைன் தாங்கி. 1911ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் வைத்தியசாலையின் தாதியர் பயிற்சிப் பாடசாலை, மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் பெண்மணியிடம் ஆளுயரப் பொம்மை ஒன்றைக் கேட்டு வாங்கியது. 'மிஸிஸ் சேஸ்' என்று அதற்குப் பெயரும் வந்தது. பல தலைமுறைத் தாதியர் அந்தப் பொம்மையைக் குளிப்பாட்டியும் புரட்டியும் தொழில் பழகினார்கள். இன்றைய பொம்மைகள் மூச்சு விடுகின்றன, நாடி துடிக்கின்றன, கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் மாரடைப்பும் வருகிறது. பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியை வாட்டுக்குப் பதிலாக இத்தகைய கூடத்தில் கழித்தால் தரம் குறையுமா என்று அமெரிக்காவில் 10 தாதியர் கல்லூரிகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். பாதி நேரம் வரை மாற்றியும் மாணவரின் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்று 2014இல் முடிவு வந்தது. ஆனால் அந்தப் பாதி நேரத்தையும் தகுந்த பயிற்சி பெற்ற விரிவுரையாளர்கள்தான் நடத்தினார்கள். பொம்மையை மட்டும் வாங்கிப் பூட்டி வைப்பதால் அந்தப் பலன் வராது. நம் பாடசாலைகளுக்கு வந்து பெட்டி திறக்காமலே பழுதான நுணுக்குக்காட்டிகளைப் பார்த்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆய்வுகூடத்தின் இரண்டாவது பொருள் நமக்குப் பழக்கமில்லாதது. தெரிந்ததைப் பழக்கும் இடமல்ல அது. தெரியாததைத் தேடும் இடம்.

அதற்குச் சிறந்த உதாரணம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தாதியியல் கல்லூரி. சுகாதார விளைவுகளையும் கொள்கைகளையும் ஆராயும் நிலையம் ஒன்றை லிண்டா ஏய்க்கன் என்ற பேராசிரியர் 1980களின் இறுதியில் அங்கு தொடங்கினார். அவரும் தாதியாகப் பணியாற்றியவர். அந்த நிலையத்தில் சோதனைக் குழாய் எதுவும் இல்லை. 1999இல் அவர்கள் தாதியருக்கு அஞ்சலில் வினாக்கொத்து அனுப்பினார்கள்: உங்கள் கடைசி வேலைநேரத்தில் எத்தனை நோயாளரைப் பார்த்தீர்கள்? பதில் அனுப்பிய 10,184 தாதியரின் விபரங்களை, அவர்கள் வேலை செய்த 168 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்ற 232,342 நோயாளரின் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள்.

2002இல் முடிவு வெளியானது. ஒரு தாதிக்கு ஒரு நோயாளர் மேலதிகமாகும்போது, சத்திரசிகிச்சை நோயாளர் 30 நாட்களுக்குள் மரணிக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நான்கு பேரைப் பார்க்கும் தாதிக்கும் எட்டுப் பேரைப் பார்க்கும் தாதிக்கும் இடையில் அந்த வேறுபாடு 31 சதவீதம்.

இது ஏன் நடக்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் உள்ளே இரத்தம் கசியத் தொடங்கினால் உடனே யாருக்கும் தெரியாது. நாடி கொஞ்சம் வேகமாகும். சிறுநீர் குறையும். நோயாளி சம்பந்தமில்லாமல் ஏதோ பேசுவார். வைத்தியர் காலையிலும் மாலையிலும் வந்து போவார். இடையிலுள்ள நீண்ட நேரத்தில் அந்தச் சிறு மாற்றத்தைக் காணக்கூடியவர் தாதி ஒருவர்தான். அவர் அரை மணித்தியாலத்தில் கண்டால் நோயாளி மீண்டும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போவார். மூன்று மணித்தியாலம் கழித்துக் கண்டால் கதை வேறு. ஆய்வாளர்கள் இதைக் 'காப்பாற்றத் தவறுதல்' என்கிறார்கள். நோய் எல்லா வைத்தியசாலைகளிலும் சிக்கலாகத்தான் செய்கிறது, அந்தச் சிக்கலிலிருந்து எத்தனை பேர் மீள்கிறார்கள் என்பதில்தான் வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வித்தியாசம்.

இந்த ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டியதே தவிர, தாதியர் எண்ணிக்கைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல அது மட்டும் போதாது. நல்ல வைத்தியசாலைகள் வேறு பல விடயங்களிலும் நல்லவையாக இருக்கலாமே என்று அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2014இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில், 300 வைத்தியசாலைகளில் அதே கேள்வியைக் கேட்டபோதும் அதே 7 சதவீதம் வந்தது. பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 சதவீதம் கூடினால் மரண வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது என்றும் கண்டார்கள். இன்னும் வலுவான சான்று அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் 27 வைத்தியசாலைகளில் பகலில் ஒரு தாதிக்கு 4 நோயாளர், இரவில் 7 நோயாளர் என்று சட்டமாக்கியது. முன்னும் பின்னும் அளந்து, சட்டம் நடைமுறைக்கு வராத வைத்தியசாலைகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயாளர் விரைவில் வீடு திரும்பியதாலும், மீண்டும் அனுமதிக்கப்படுவது குறைந்ததாலும் மிஞ்சிய பணம், மேலதிகத் தாதியருக்குச் செலவான பணத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று 2021இல் அறிவித்தார்கள். 'பணமில்லை' என்று பதில் வைத்திருக்கும் எந்த நிதியமைச்சும் படிக்க வேண்டிய ஆய்வு இது.

இத்தனைக்கும் பின்னரும் தாதியருக்கு ஆராய்ச்சி எதற்கு என்ற கேள்வி அமெரிக்காவிலேயே ஓயவில்லை. தாதியியல் ஆய்வுக்குத் தேசிய மட்டத்தில் ஒரு நிலையம் அமைக்கும் சட்டத்தை 1985இல் ஜனாதிபதி ரீகன் நிராகரித்தார். காங்கிரஸ் அந்த நிராகரிப்பை முறியடித்ததால்தான் 1986இல் நிலையம் உருவானது. 1993இல் அது முழு நிறுவனமாக உயர்ந்தது. நாற்பது வருடங்கள் கழித்து, டிரம்ப் நிர்வாகம் 2026ஆம் ஆண்டுக்காக முன்வைத்த வரவு செலவுத் திட்ட யோசனையில், அடியோடு ஒழிக்க வேண்டிய நிறுவனங்களின் பட்டியலில் அதுவும் இருந்தது. தாதியர் செய்யும் ஆராய்ச்சி பெரும்பாலும் புது மருந்தையோ புது இயந்திரத்தையோ தருவதில்லை. அது இன்னும் ஆட்கள் வேண்டும் என்று சொல்கிறது. ஆட்சியாளருக்கு அது கசக்கத்தானே செய்யும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இலங்கையில் தாதியர் உருவாகும் வழிகள் இரண்டு. ஒன்று சுகாதார அமைச்சின் கீழுள்ள தாதியர் கல்லூரிகளில் மூன்று வருட டிப்ளோமா. கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அம்பாறை என்று பல மாவட்டங்களில் இவை உள்ளன. மற்றது பல்கலைக்கழகப் பட்டம். திறந்த பல்கலைக்கழகம் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் உதவியோடு 1994இல் தாதியியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பின்னர் பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, யாழ்ப்பாணம், ருஹுணு, கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் அது வந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தாதியியலுக்கென்றே தனிப் பீடம் இருக்கிறது. ஆனாலும் நம் வாட்டுகளில் இருப்போரில் பெரும்பாலானோர் முதல் வழியில் வந்தவர்களே. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்வது விரிவுரையாளரின் கடமைகளில் ஒன்று. அமைச்சின் கல்லூரி ஆளணியை உருவாக்குவதற்காக அமைக்கப்பட்டது, கேள்வி கேட்பதற்காக அல்ல. அங்கே படிப்பிக்கும் தாதிய ஆசிரியர்களின் திறமையைப் பற்றி நான் பேசவில்லை. அமைப்பைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் பயின்றவள் என்பதால் இந்த அமைப்பு எனக்கு அந்நியமல்ல. நாங்களும் 'செயல்நிலை ஆய்வு' செய்தோம். தரம் 7 மாணவர்கள் பின்னங்களில் ஏன் தடுமாறுகிறார்கள் என்று இரண்டு மாதம் தேடி, அழகாகக் கட்டிக் கையளித்தேன். புள்ளி கிடைத்தது. அதை யாராவது ஒருவர் வாசித்து ஒரு வகுப்பறையிலாவது எதையாவது மாற்றினார்களா என்று கேட்டால், அலுமாரிக்குத்தான் தெரியும். தனி மாணவர் செய்யும் ஆய்வு இப்படித்தான் முடியும். ஒரே கேள்வியைப் பத்து வருடம் விடாமல் துரத்த ஒரு நிலையம் வேண்டும்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்களும் தாதியர்களும் நாட்டை விட்டுப் போவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். உலகளவில் 58 இலட்சம் தாதியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2025இல் மதிப்பிட்டது. வசதியான நாடுகள் நம்மவர்களை அழைத்துக்கொண்டே இருக்கும். போனவர்களின் எண்ணிக்கையைச் செய்தியாக்குகிறோம். அவர்கள் போன வாட்டில் நோயாளருக்கு என்ன நடந்தது என்று அளக்க நம்மிடம் ஆளில்லை. பென்சில்வேனியாவின் 7 சதவீதத்தை அப்படியே இங்கு கொண்டுவந்து ஒட்டவும் முடியாது. நம் வாட்டுகளில் பாதிப் பராமரிப்பைச் செய்வது துணைக்கு நிற்கும் தாயோ மகளோ சகோதரியோதான். அவர்கள் இருப்பதால் எத்தனை உயிர் தப்புகிறது, அவர்கள் அறியாமல் செய்யும் பிழையால் என்ன கெடுகிறது? அமெரிக்க ஆய்வில் இதற்குப் பதில் இருக்காது.

நமது சமூகத்துக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. நோன்பும் சீனி வருத்தமும். 2001இல் 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் சுமார் 79 சதவீதமானோர் ரமழானில் குறைந்தது 15 நாட்களாவது நோன்பு நோற்றிருந்தார்கள். வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டிய அளவுக்குச் சீனி திடீரென இறங்கியவர்கள், அந்த வகையினரில் ரமழானில் ஏழரை மடங்காகக் கூடியிருந்தார்கள். அந்த 13 நாடுகளில் இந்தியா இருந்தது, பங்களாதேஷ் இருந்தது, இலங்கை இல்லை. நம் ஊர் கிளினிக்கில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நோன்பு வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் உம்மாமார் வாய் திறப்பதில்லை. ஸஹருக்கு எத்தனை குளிசை, இஃப்தாருக்கு எத்தனை என்று பக்கத்து வீட்டில் கேட்டுத் தாங்களே மாற்றிக்கொள்கிறார்கள். டொக்டரிடம் சொல்லாததை மிஸ்ஸியிடம் சொல்வார்கள், அந்த மிஸ்ஸி அவர்களுடைய மொழி பேசுபவராக இருந்தால். கிழக்கிலுள்ள ஒரு தாதியர் கல்லூரி மூன்று ரமழான்களுக்குத் தன் மாணவரைக் கொண்டு இந்தத் தகவலைத் திரட்டினால், உலகத்துக்கே பயன்படும் அறிவாக அது இருக்கும். கட்டடம் வேண்டாம். புள்ளிவிபரவியல் தெரிந்த ஒருவர், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி, ஆய்வுக்கென ஒதுக்கிய நேரம், ஒழுங்காகப் பேணும் பதிவேடு. இவ்வளவுதான் தொடக்கம்.

நம் பிள்ளைகள் இந்தத் துறைக்குப் போகத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சுற்றி வளைக்காமல் பேசுவோம். இரவு வேலையும் உடையும். மே 12 தாதியர் தினம் வந்தால், காயப்பட்ட ஸஹாபாக்களுக்குக் கூடாரம் அமைத்து மருந்திட்ட ருபைதா அல் அஸ்லமிய்யா (ரழி) அவர்களைப் பற்றிப் பெருமையாகப் பதிவிடுகிறோம். மறுநாள் மகள் தாதியாகப் போகிறேன் என்றால் முகம் சுருங்குகிறது. வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அணிய வேண்டுமே என்று மாணவிகள் என்னிடம் கேட்பது உண்மை. அந்தக் கேள்வியை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் அதையும் கோபத்தால் அல்லாமல் சான்றால் தீர்க்க முடியும். பிரித்தானியாவில் கிருமித் தொற்றைத் தடுப்பதற்காக முழங்கைக்குக் கீழே திறந்திருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது முஸ்லிம் பெண் ஊழியர்கள் சங்கடப்பட்டார்கள். நோயாளரைத் தொடும்போது மட்டும் அணிந்து கழற்றி எறியக்கூடிய கைமறைப்பை 2010இல் அங்குள்ள சுகாதாரத் திணைக்களம் அனுமதித்தது. பாகிஸ்தானில் சல்வார் கமீஸ் அணிந்தே தாதியர் வேலை செய்கிறார்கள். கராச்சியின் ஆகா கான் பல்கலைக்கழகம் தொடங்கியதே ஒரு தாதியர் கல்லூரியாகத்தான். 1980இல் கல்லூரி வந்தது, 1983இல்தான் பல்கலைக்கழக அந்தஸ்து. இவற்றையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு அமைச்சோடு பேச நம் அமைப்புகளுக்கு நேரம் கிடைக்க வேண்டும். பேசும் இடத்தில் தாதியாக இருக்கும் நம் பெண்கள் இருவராவது உட்கார வேண்டும். அவர்கள் இல்லாமல் நடக்கும் கூட்டம் எனக்கு வேண்டாம்.

அந்த வாப்பாவுக்கு இவற்றில் பாதியைத்தான் அன்று சொன்னேன். யோசிப்போம் என்று எழுந்து போனார்.

இரண்டு வாரம் கழித்து மாணவி தனியாக வந்தாள். அவளுடைய உம்மம்மாவும் இப்போது வைத்தியசாலையில். வலி எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொன்னார்களாம். உம்மம்மாவுக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. 'இலக்கம் தெரியாது மகள், உளையுது' என்றிருக்கிறார். அதை அங்கிருந்த சிங்கள மிஸ்ஸிக்கு விளங்கப்படுத்த அவளால் முடியவில்லை. உளைவுக்கும் குத்துக்கும் ஒரே மருந்தா டீச்சர் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். கையிலிருந்த கொப்பியைக் காட்டினாள். உளைவு, குத்து, எரிவு, கடுப்பு, விறைப்பு, இழுவை, வலிப்பு, குடைச்சல். வாட்டில் இருந்த கிழவிமாரிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சொன்னவரின் வயதும், என்ன நோய் என்பதும்.

விண்ணப்பப் படிவத்தில் வாப்பா கையெழுத்து வைத்துவிட்டாராம்.